சைவம்னு சொல்லி அசைவம் தந்துட்டாங்களா? பேசித் தீர்க்க சட்டமே வழி சொல்லுது!

மஷ்ரூம் பிரியாணி ஆர்டர் செய்தால் டப்பாவுக்குள் சிக்கன் பிரியாணி. 'எக்லெஸ்' என்று கேட்டு வாங்கிய கேக்கை வெட்டி எல்லோரும் சாப்பிட்ட பிறகு, பெட்டியின் ஓரத்தில் பழுப்பு முக்கோணம் தெரிகிறது. 'ஹலால்' என்று போர்டு வைத்த கடையில் இறைச்சி எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், யாருக்கும் பதில் தெரியவில்லை.

கடையில் போய்ச் சொன்னால் பெரும்பாலும் கிடைக்கிற பதில் ஒன்றுதான். "தெரியாம நடந்துடுச்சு சார், காசைத் திருப்பித் தந்துடுறோம்." அவர் கணக்கில் 240 ரூபாயோடு விஷயம் முடிந்தது. ஆனால், பிறந்ததிலிருந்து அசைவத்தைத் தொடாதவருக்கும், மாலை போட்டு 41 நாள் விரதத்தில் இருப்பவருக்கும் அது 240 ரூபாய் பிரச்னையா?

இந்த இடத்தில்தான் பலர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். மனசுக்குள் புழுங்கிக்கொண்டு விட்டுவிடுவது ஒன்று. போனை எடுத்து வீடியோ போட்டு, கடை முன்னால் கூட்டம் சேர்ப்பது இன்னொன்று. இரண்டாவது வழியில், பார்சல் கட்டிய பையனின் கவனக்குறைவு சாயங்காலத்துக்குள் இரண்டு மதங்களின் சண்டையாக மாறிவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. அதுதான் சமரசம். 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதற்கென்று ஓர் அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறது. அதை எப்படிப் பயன்படுத்துவது, எதைக் கேட்பது, எப்போது சமரசத்துக்கே போகக் கூடாது... விரிவாகப் பார்க்கலாம்.

பச்சைப் புள்ளி சொல்வதும் சொல்லாததும்

சண்டை ஆரம்பிக்கும் முன் ஒரு கேள்வி. லேபிள் உண்மையிலேயே தப்பா, இல்லை நாம் அதில் இல்லாத ஒன்றை எதிர்பார்த்தோமா?

நம் நாட்டில் பேக்கிங் செய்த உணவில் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருந்தால் சைவம். பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் இருந்தால் அசைவம். முன்பு அசைவத்துக்கும் வட்டம்தான் இருந்தது. நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்குக் குழப்பம் வருகிறது என்பதால் அதை முக்கோணமாக மாற்றினார்கள்.

சட்டப்படி, விலங்கு, பறவை, மீன், பூச்சி, முட்டை, விலங்கிலிருந்து வரும் வேறு எந்தப் பொருள் சேர்ந்திருந்தாலும் அது அசைவம். ஆனால் பால், பால் பொருட்கள், தேன், தேன்மெழுகு, அரக்கு ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. அதாவது, தேன் சேர்த்த பிஸ்கட்டில் பச்சைப் புள்ளி இருப்பது சரிதான். முட்டை சேர்த்த பிஸ்கட்டில் பச்சைப் புள்ளி இருந்தால் அது தவறான லேபிள்.

இப்போது நம் வீடுகளின் வழக்கத்தை இதனோடு வைத்துப் பாருங்கள். தமிழில் சாப்பாட்டுக்கே 'சைவம்' என்று சமயத்தின் பெயரைத்தான் வைத்திருக்கிறோம். ஆனால் அந்தச் சொல்லுக்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வோர் அர்த்தம்.

சமண வழக்கத்தைக் கண்டிப்பாகப் பின்பற்றுபவர்கள் வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு போன்ற மண்ணுக்குள் விளைபவற்றைத் தொடுவதில்லை, தேனும் கிடையாது. பச்சைப் புள்ளி இவர்களுக்குப் பாதி தகவல்தான் தருகிறது.

விரத நாட்களில் வெங்காயம், பூண்டு சேர்க்காத குடும்பங்கள் ஏராளம். புரட்டாசியில் மட்டும் அசைவத்தை நிறுத்துகிறவர்களும் உண்டு. 'முட்டை மட்டும் பரவாயில்லை' என்பவர்களும் உண்டு.

முஸ்லிம்களுக்கு சைவமா அசைவமா என்பது முக்கியக் கேள்வியே இல்லை. எந்த விலங்கு, எப்படி அறுக்கப்பட்டது, ஆல்கஹால் சேர்ந்திருக்கிறதா என்பவைதான் கேள்வி. ஜெலட்டின் சேர்த்த மிட்டாயில் பழுப்பு முக்கோணம் இருக்கும். அது எந்த விலங்கின் ஜெலட்டின் என்று முக்கோணம் சொல்லாது.

தவக்காலத்தில் வெள்ளிக்கிழமை இறைச்சி சாப்பிடாத கத்தோலிக்கர், அன்றைக்கு மீன் சாப்பிடலாம். அவருக்குப் பழுப்பு முக்கோணத்தால் பெரிய உதவி இல்லை.

இது போக, பாக்கெட்டின் பின்புறம் பொடி எழுத்தில் இருக்கும் எண்கள். 120 என்றால் கார்மைன் என்ற சிவப்பு நிறமி. ஒரு வகைப் பூச்சியிலிருந்து எடுப்பது. 631 என்பது சுவை கூட்டும் பொருள்; மீன் அல்லது இறைச்சியிலிருந்தும் தயாரிக்கலாம், மரவள்ளி மாவைப் புளிக்க வைத்தும் தயாரிக்கலாம். 471-ம் அப்படித்தான், தாவரக் கொழுப்பாகவும் இருக்கலாம், விலங்குக் கொழுப்பாகவும் இருக்கலாம். எண்ணை மட்டும் பார்த்தால் எதிலிருந்து வந்தது என்று தெரியாது.

இந்தச் சிக்கல் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனது. 2021 டிசம்பரில் நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: உணவில் சேர்க்கும் பொருள் எவ்வளவு சிறிய அளவாக இருந்தாலும், அது தாவரத்திலிருந்து வந்ததா, விலங்கிலிருந்து வந்ததா என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், தான் சாப்பிடுவது என்ன என்று தெரிந்துகொள்வது ஒவ்வொருவரின் உரிமை. 'ரொம்பக் கொஞ்சம்தான் சார் சேர்த்திருக்கோம்' என்ற சமாதானம் அதோடு முடிந்தது.

வாய் திறந்து சொன்னீங்களா?

லேபிள் சொல்லாததை நாம்தான் கேட்க வேண்டும். கேட்டதற்குக் கடை தந்த பதில்தான் பின்னால் உங்கள் பலம். இதற்கு இரண்டு வழக்குகள் நல்ல உதாரணம்.

முதலாவது, அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் நடந்தது. 2009-ல் சில இந்துக்கள் ஓர் இந்திய உணவகத்தில் சமோசா ஆர்டர் செய்தார்கள். 'நாங்கள் கண்டிப்பான சைவம், எங்களுக்குச் சைவ சமோசாதான் வேண்டும்' என்று சொல்லித்தான் வாங்கினார்கள். வந்ததோ இறைச்சி சமோசா. பாவம் தீர இந்தியா போய் கங்கையில் பரிகாரம் செய்யும் செலவைக் கேட்டு வழக்கு போட்டார்கள். கவனக்குறைவு, நுகர்வோர் மோசடி போன்ற அவர்களின் மற்ற வாதங்களை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011-ல் ஏற்கவில்லை. ஆனால், 'சைவம் என்று வெளிப்படையாக உறுதி கொடுத்து, அதை மீறினார்கள்' என்ற ஒரு வாதத்தை மட்டும் தொடர்ந்து நடத்த அனுமதித்தது. கேட்டதும் சொன்னதும்தான் அந்த வழக்கைக் காப்பாற்றியது.

இரண்டாவது நம் மும்பையில். சைவ மோமோ கேட்டோம், சிக்கன் மோமோ வந்தது என்று இருவர் 6 லட்சம் ரூபாய் இழப்பீடு கேட்டார்கள். 2025-ல் நுகர்வோர் ஆணையம் அந்தப் புகாரைத் தள்ளுபடி செய்தது. காரணம், பில்லில் அசைவ ஐட்டம்தான் பதிவாகியிருந்தது. கண்டிப்பான சைவம் என்றால், இரண்டும் விற்கும் கடையில் ஏன் வாங்கினீர்கள் என்றும் ஆணையம் கேட்டது. அந்தக் கேள்வி நியாயமா என்று விவாதிக்கலாம். ஆனால் பாடம் தெளிவு: பில்லை வாங்கியதும் ஒரு தடவை படிச்சுப் பாருங்க.

முதல் ஒரு மணி நேரம்

தப்பு நடந்தது தெரிந்ததும் கோபம் வரும், வாந்தி வரும், அழுகை வரும். அதெல்லாம் இயல்பு. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் செய்ய வேண்டியவை சில உண்டு.

சாப்பாட்டைக் குப்பையில் போடாதீர்கள். டப்பா, மூடி, ஸ்டிக்கர், பில் எல்லாம் ஒரே படத்தில் தெரியும்படி போட்டோ எடுங்கள். மிச்சத்தைச் சுத்தமான டப்பாவில் மூடி ஃப்ரீசரில் வையுங்கள். அதைத் தொடவே மனசு ஒப்பவில்லை என்றால் பக்கத்து வீட்டில் உதவி கேளுங்கள். ஆப்பில் ஆர்டர் செய்திருந்தால், ஆர்டர் விவரத்தையும் 'ப்யூர் வெஜ் ப்ளீஸ்' என்று நீங்கள் எழுதிய குறிப்பையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்.

பேக்கிங் உணவு என்றால் பேட்ச் எண், தயாரிப்புத் தேதி, 14 இலக்க உரிம எண் தெரியும்படி படம் எடுங்கள். முடிந்தால் அதே பேட்ச்சில் பிரிக்காத இன்னொரு பாக்கெட்டை பில்லோடு வாங்கி வையுங்கள். பிரித்த பாக்கெட்டைக் காட்டினால், 'நீங்களே கலந்திருக்கலாமே' என்று எதிர்த்தரப்பு கேட்கும்.

பரிசோதனைக்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின் 40-வது பிரிவுப்படி, பொருளை வாங்கும் சாதாரண நுகர்வோரே கட்டணம் கட்டி அரசின் உணவுப் பகுப்பாய்வாளரிடம் பரிசோதிக்கலாம். ஒரே நிபந்தனை, பரிசோதனைக்காக வாங்குகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்ல வேண்டும். தவறு உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

முதலில் கடையோடு பேசுங்கள்

நேரில் போகலாம், போனில் பேசலாம். ஆனால் பேசியதைச் சுருக்கமாக எழுதி வாட்ஸ்அப்பிலோ, மெயிலிலோ அனுப்பிவிடுங்கள். நாலு வரி போதும்: எந்தத் தேதி, என்ன கேட்டேன், என்ன வந்தது, என்ன தீர்வு வேண்டும்.

ஆப் மூலம் வாங்கியிருந்தால் அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020-ம் ஆண்டின் இ-காமர்ஸ் விதிகளின்படி, அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் வந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். 'நாங்க டெலிவரி மட்டும்தான், சமைச்சது ஹோட்டல்' என்று ஒதுங்கப் பார்ப்பார்கள். 2023-ல் ஜோத்பூரில் சைவத்துக்குப் பதில் அசைவம் போன வழக்கில், மாவட்ட ஆணையம் உணவகம், ஆப் நிறுவனம் இரண்டுக்கும் சேர்த்துத்தான் ஒரு லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. அதை எதிர்த்து மேல்முறையீடு செய்யப்போவதாக ஆப் நிறுவனம் அறிவித்தது என்பது வேறு விஷயம். புகாரில் இருவர் பெயரையும் சேருங்கள்.

பதில் இல்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இங்கே புகாரைப் பதிவு செய்தால் அதை நிறுவனத்துக்கே அனுப்பிப் பதில் கேட்பார்கள். பல விஷயங்கள் இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடும்.

ஆணையத்தின் சமரசம் எப்படி நடக்கும்?

முடியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 'ஐயோ, கோர்ட்டா!' என்று பயப்பட வேண்டாம். நீங்கள் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே புகார் தரலாம். வாங்கிய பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகார்க் கட்டணமே கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலேயே பதியலாம். சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் செய்ய வேண்டும்.

புகார் ஏற்கப்பட்டு முதல் விசாரணைக்கு வரும்போதோ, அதற்குப் பின் எந்தக் கட்டத்திலோ, பேசித் தீர வாய்ப்பிருக்கிறது என்று ஆணையம் கருதினால், இரு தரப்பிடமும் 5 நாட்களுக்குள் எழுத்துபூர்வ சம்மதம் கேட்கும். நீங்களே, 'எங்களுக்குச் சமரசத்தில் விருப்பம்' என்று சொல்லவும் செய்யலாம். இருவரும் சரி என்றால்தான் சமரசம். ஒருவர் வேண்டாம் என்றாலும் வழக்கு வழக்காகவே நடக்கும்.

சமரசர் தீர்ப்பு சொல்பவர் கிடையாது. யார் சரி, யார் தப்பு என்று அவர் சொல்லமாட்டார். இருவரையும் சேர்த்தும், தனித்தனியாகவும் உட்கார வைத்துப் பேசுவார். அங்கே பேசியது வெளியே போகாது. சமரசம் முறிந்தால், 'அன்னிக்கு நீங்களே தப்புன்னு ஒத்துக்கிட்டீங்களே' என்று விசாரணையில் அதை ஆதாரமாகக் காட்ட முடியாது. அதனால்தான் கடைக்காரரால் மனம் திறந்து பேச முடிகிறது. பொதுவாக மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி.

அறைக்குள் என்ன பேசுவது?

ஒரு கற்பனை உதாரணம் வைத்துக்கொள்வோம். மாலை போட்டிருக்கும் ஒருவர் பன்னீர் ஃப்ரைடு ரைஸ் வாங்குகிறார். உள்ளே சிக்கன். புகாரில் 5 லட்சம் ரூபாய் கேட்டிருக்கிறார். ஹோட்டல் உரிமையாளர், 'பில் பணம் தர்றேன், அதுக்கு மேல ஒரு ரூபா கிடையாது' என்கிறார். சமரசர் பணத்தை ஓரமாக வைத்துவிட்டு, 'அந்தச் சாப்பாட்டால உங்களுக்கு என்ன ஆச்சுன்னு அவர்கிட்ட நேரா சொல்லுங்க' என்கிறார்.

"முப்பது நாள் விரதம் சார். அன்னிக்கே குருசாமிகிட்ட போய் மாலையைக் கழட்டிட்டேன். இந்த வருஷம் மலைக்குப் போகலை. டிக்கெட் எல்லாம் கேன்சல். வீட்ல அம்மா ரெண்டு நாள் சாப்பிடலை."

"சாமி, மன்னிச்சிடுங்க. ரெண்டுக்கும் ஒரே மாதிரி டப்பா. பையன் மாத்திப் போட்டுட்டான். அவனை அன்னிக்கே வேலையை விட்டு எடுத்துட்டேன்."

"அவனை யாரு எடுக்கச் சொன்னது? டப்பாவை மாத்துங்கன்னுதான் நான் சொல்றேன்!"

பேச்சு திரும்புவது இந்த இடத்தில்தான். புகார் மனுவில் 5 லட்சம் என்று எழுதியவருக்கு உண்மையில் வேண்டியது என்ன என்பது அப்போதுதான் வெளியே வருகிறது. அந்தக் கடையில் இன்னொரு மாலை போட்டவருக்கு இது நடக்கக் கூடாது. தனக்கு நடந்தது சின்ன விஷயம் இல்லை என்று ஒருவராவது ஒப்புக்கொள்ள வேண்டும். டிக்கெட் பணமும், இதற்காக அலைந்த செலவும் திரும்ப வேண்டும்.

மதம் சார்ந்த உணவுப் பிரச்னையில் சமரசம் மற்ற வழிகளைவிட நன்றாக வேலை செய்வது இதனால்தான். தீர்ப்பு பெரும்பாலும் ஒரு தொகையோடு நின்றுவிடும். மன்னிப்பு, சமையலறை மாற்றம், லேபிள் திருத்தம் என்று விரிவாகப் பேச மேஜையில்தான் இடம் இருக்கிறது.

உலகம் முழுக்கப் பேசப்பட்ட மெக்டொனால்ட்ஸ் விவகாரமும் பேசித் தீர்ந்ததுதான். 1990-ல் அமெரிக்காவில் அந்த நிறுவனம், உருளைக்கிழங்கு வறுவலுக்கு இனி தாவர எண்ணெய்தான் என்று அறிவித்தது. பலரும் அதைச் சைவம் என்று நம்பிச் சாப்பிட்டார்கள். ஆனால் அதில் மாட்டிறைச்சிச் சுவையூட்டி சேர்ந்திருந்தது. 2001-ல் சியாட்டிலைச் சேர்ந்த வக்கீல் ஹரீஷ் பார்த்தி வழக்கு தொடுத்தார். 2002-ல் உடன்பாடு ஏற்பட்டது. நிறுவனம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. சைவ அமைப்புகள், இந்து, சீக்கிய அமைப்புகள் உள்ளிட்டவற்றுக்கு ஒரு கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. சைவ உணவு குறித்து ஆலோசனை சொல்ல ஒரு குழு அமைக்கவும் சம்மதித்தது. சாப்பிட்ட கோடிக்கணக்கானவர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று பங்கு போடவில்லை. மன்னிப்பு, பொதுக் காரியம், இனிமேல் நடக்காமல் இருக்க ஓர் ஏற்பாடு. இந்த மூன்றையும் உங்கள் தெரு ஹோட்டல் அளவுக்குச் சுருக்கி நீங்களும் கேட்கலாம்.

பேசும்போது கவனம்...

உங்கள் வழக்கத்தை விளக்குங்கள், வாதாடாதீர்கள். 'ஒரு துண்டு சிக்கன் சாப்பிட்டா என்ன ஆகிடும்?' என்று எதிர்த்தரப்பு கேட்டால், சமயத்தின் பெருமையைச் சொல்லி ஜெயிக்கப் பார்க்க வேண்டாம். 'எங்க வீட்ல இது வழக்கம், உங்ககிட்ட சொல்லித்தான் வாங்கினேன்' என்பது போதும். உங்கள் நம்பிக்கை சரியா என்பது அங்கே கேள்வியே இல்லை. சொன்ன சொல்லைக் கடை காப்பாற்றியதா என்பதுதான் கேள்வி.

உரிமையாளரின் மதத்தை இழுக்காதீர்கள். வேண்டுமென்றே செய்தார் என்று சொல்ல ஆதாரம் இருந்தால் அது வேறு வழக்கு. மத உணர்வைப் புண்படுத்தும் குற்றத்துக்குக் கெட்ட எண்ணத்தோடு திட்டமிட்டுச் செய்ததாக நிரூபிக்க வேண்டும். டப்பா மாறியது அதில் வராது.

பணக் கணக்கைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பில் தொகை, பரிகாரம் அல்லது பூஜைச் செலவு, ரத்தான பயணம், அலைச்சல், மன உளைச்சல் என்று தனித்தனியாக எழுதி, முடிந்தவற்றுக்கு ரசீது வையுங்கள். 'என் மனசுக்கு விலை போட முடியாது' என்பது உண்மை. ஆனாலும் எண் இல்லாமல் பேச்சு நகராது.

ஒப்பந்தத்தில் என்ன எழுத வேண்டும்?

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். கை குலுக்கிவிட்டு, 'இனிமேல் கவனமாக இருப்போம்' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். அந்த ஒரு வரியால் எந்தப் பயனும் இல்லை. இப்படி எழுதுங்கள்:

1. எந்தத் தேதியில், எந்த பில்லில், என்ன நடந்தது என்பதைக் கடை ஒப்புக்கொள்கிறது. மன்னிப்பு வாசகம் அப்படியே இடம்பெற வேண்டும்.

2. தொகை எவ்வளவு, எந்தத் தேதிக்குள், எந்த வழியில். தாமதமானால் என்ன.

3. மாற்றம் என்ன. சைவத்துக்குப் பச்சை மூடி, அசைவத்துக்குச் சிவப்பு மூடி. தனிக் கரண்டி, தனி எண்ணெய்ச் சட்டி. கட்டும் முன் பில்லோடு சரிபார்த்து ஸ்டிக்கர் ஒட்டுவது. எத்தனை நாளைக்குள் என்றும் சேர்க்க வேண்டும்.

4. மெனு கார்டிலோ, ஆப்பிலோ திருத்த வேண்டியது இருந்தால், சரியான வாசகம் என்ன.

5. விரும்பினால், தொகையில் ஒரு பகுதி அன்னதானத்துக்கோ, வேறு நல்ல காரியத்துக்கோ.

6. நீங்கள் தரப்போவது என்ன. வீடியோ போட்டிருந்தால் எடுப்பது, ரிவ்யூவில் 'பிரச்னை தீர்ந்தது' என்று எழுதுவது போன்றவை.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். 'உணவுப் பாதுகாப்புத் துறையிடம் புகார் தரமாட்டேன்' என்ற வரி வந்தால், அதை எடுக்கச் சொல்லுங்கள். உங்கள் மனக்கசப்பை நீங்கள் தீர்த்துக்கொள்ளலாம். அடுத்தவரின் பாதுகாப்பை விட்டுக்கொடுக்கும் உரிமை நமக்கு இல்லை.

கையெழுத்தான ஒப்பந்தத்தைச் சமரசர் ஆணையத்துக்கு அனுப்புவார். அது கிடைத்த 7 நாட்களுக்குள் ஆணையம் உத்தரவு போடும். கவனிக்க வேண்டிய விஷயம், சமரசத்தின் பேரில் வந்த இந்த உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு கிடையாது. அதனால், 'சரி, போட்டுக் கொடுப்போம்' என்று அவசரப்படாமல் ஒரு நாள் அவகாசம் கேட்டு, வீட்டில் படித்துக் காட்டிக் கையெழுத்துப் போடுங்கள். மறுபக்கம், கடை சொன்னபடி செய்யவில்லை என்றால் ஆணையத்தின் உத்தரவை மீறியதாகிவிடும். அதற்கு அபராதமும் சிறையும்கூட உண்டு.

எல்லாம் முடியாமல் பாதிதான் முடிந்ததா? பரவாயில்லை. முடிந்ததை உத்தரவாக்கிவிட்டு, மீதியை ஆணையம் விசாரிக்கும்.

சமரசம் வேண்டாம் என்று சொல்ல வேண்டிய நேரம்

எல்லாவற்றையும் பேசித் தீர்க்க முடியாது, தீர்க்கவும் கூடாது. மோசடி, போலி ஆவணம் பற்றிய தீவிரமான குற்றச்சாட்டு இருந்தாலோ, வழக்கில் இல்லாத ஏராளமானவர்களின் நலன் அடங்கியிருந்தாலோ அந்த விஷயத்தைச் சமரசத்துக்கு அனுப்பக் கூடாது என்று 2020-ம் ஆண்டின் சமரச விதிகளே சொல்கின்றன.

பார்சல் மாறியது உங்களுக்கும் கடைக்கும் இடையிலான விஷயம். ஆனால் ஒரு கம்பெனி விலங்குக் கொழுப்பு சேர்த்த பிஸ்கட்டுக்குப் பச்சைப் புள்ளி போட்டு ஊர் முழுக்க விற்கிறது என்றால், அது உங்கள் ஒருவரின் விஷயம் இல்லை. போலி ஹலால் சான்றிதழை மாட்டி விற்பதும் அப்படித்தான். 'உங்களுக்கு மட்டும் ஒரு தொகை தர்றோம், விஷயத்தை விட்டுடுங்க' என்று கம்பெனி வந்தால், அந்தப் பணத்துக்குப் பின்னால் தெரியாமல் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

அப்படிப்பட்ட நேரத்தில் உங்கள் மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறையிடம் போங்கள். தமிழ்நாட்டில் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணிலும் புகார் தரலாம். தவறான லேபிளோடு விற்றால் 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. பொய் விளம்பரம் என்றால் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். பொருளைத் திரும்பப் பெறவும் உத்தரவிடலாம்.

கடை நடத்துகிறவர்களுக்கு...

இதைப் படிக்கும் நீங்கள் ஹோட்டலோ, பேக்கரியோ, கிளவுட் கிச்சனோ நடத்துகிறவராகவும் இருக்கலாம். புகார் வந்ததும் 'காசைத் திருப்பித் தர்றோம்' என்று ஆரம்பிக்காதீர்கள். அதைக் கடைசியில் சொல்லலாம். முதலில், 'என்ன நடந்ததுன்னு சொல்லுங்க' என்று கேட்டு, முழுசாகக் கேளுங்கள். 'இதெல்லாம் ஒரு விஷயமா?' என்ற ஒரு வார்த்தைதான் பல புகார்களை ஆணையம் வரை கொண்டுபோகிறது.

தெரியாததைத் தெரியும் என்று சொல்ல வேண்டாம் என்று சப்ளை செய்யும் பையனிடம் சொல்லி வையுங்கள். 'பூண்டு இருக்கான்னு கிச்சன்ல கேட்டுட்டு வர்றேன்' என்பதால் ஒரு நிமிடம்தான் போகும். சீஸ், சாஸ், மயோனைஸ், கேக் ஜெல் எல்லாவற்றின் லேபிளையும் ஒரு ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள். யாராவது கேட்டால் எடுத்துக் காட்டுங்கள். ஒரே எண்ணெயில் இரண்டும் பொரிக்கிறீர்கள் என்றால் அதை மெனுவிலேயே எழுதிவிடுங்கள். மனசு ஒப்புகிறவர் சாப்பிடுவார், ஒப்பாதவர் அடுத்த கடைக்குப் போவார். இரண்டு பேருமே உங்கள் மேல் புகார் கொடுக்கமாட்டார்கள்.

சாப்பிடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த முறை ஆர்டர் கொடுக்கும்போது, 'வெஜ்' என்று மட்டும் சொல்லாமல் முட்டை, பூண்டு, எண்ணெய், ஜெலட்டின் என்று உங்களுக்கு எது ஆகாதோ அதன் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். முடிந்தால் எழுதிக் கொடுங்கள். கேட்பவருக்கு அது கூச்சமாக இருக்கலாம், பரவாயில்லை. சொல்லிக் கேட்டவர்களுக்குத்தான் பின்னால் மேஜையில் உட்கார்ந்து பேசுவதற்கு ஒரு பிடி இருக்கும்.